பேப்பர் குட்டி, பேப்பர் இல்லாத குட்டி: தூய இன நாயின் விலைக்குள் இருக்கும் கணக்கு

2025 இறுதியில் சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. உடனே நாய் வளர்ப்பவர்களிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது: “எங்ககிட்ட கே.சி.ஐ. பேப்பர் இருக்கே, அது போதாதா?” போதாது. நாயின் வம்சாவளியைச் சொல்லும் அந்தக் காகிதம் வேறு, மாநகராட்சி கேட்கும் காகிதம் வேறு.

இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் இன்னொரு பழைய குழப்பமும் இருக்கிறது. ஒரே நகரத்தில், ஒரே வாரத்தில், ஒரு லேப்ரடார் குட்டியை ஒருவர் 8,000 ரூபாய்க்குத் தருகிறார், இன்னொருவர் 25,000 அல்லது 30,000 கேட்கிறார். இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே புசுபுசுவென்று இருக்கின்றன. இரண்டாமவர் கொள்ளை அடிக்கிறாரா, முதலாமவர் தர்மம் செய்கிறாரா?

பெரும்பாலும் இரண்டுமில்லை. குட்டியை வளர்த்தெடுக்க ஆகவேண்டிய செலவு எப்படியும் ஆகித்தான் தீரும். விற்பவர் செய்யாமல் விட்டது வாங்கியவர் தலையில் வந்து விடியும். அது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கீழே வரும் தொகைகளில் அரசு நிர்ணயித்தவை தவிர மற்றவை நகர்ப்புறத் தனியார் விலைகளை ஒட்டிய மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

காகிதங்கள் எத்தனை?

1. கே.சி.ஐ. சான்றிதழ். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தருவது. குட்டியின் இனம், நிறம், பிறந்த தேதி, தாய் தந்தையின் பதிவு எண், முன்னோர் வரிசை, மைக்ரோசிப் எண் ஆகியவை அதில் இருக்கும். தாயும் தந்தையும் ஏற்கெனவே பதிவானவையாக இருந்தால்தான் அந்த ஈத்துக் குட்டிகளைப் பதிவு செய்ய முடியும். இது வம்சாவளிச் சான்று மட்டுமே. குட்டி ஆரோக்கியமானது என்றோ, பெரிதானதும் எப்படி இருக்கும் என்றோ இந்தக் காகிதம் உத்தரவாதம் தருவதில்லை. வாங்கிய பிறகு உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் வேண்டும். பலர், குட்டி எடுத்து விற்ற ப்ரீடரின் பெயரிலேயே அதை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

2. ப்ரீடருக்கான பதிவு. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான விதிகளின்படி, குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெண் நாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. சிப்பும் தடுப்பூசியும் போட்டு, அவற்றுக்கான பதிவோடுதான் கைமாற்ற வேண்டும். கே.சி.ஐ. உறுப்பினராக இருப்பதும் இந்தப் பதிவும் ஒன்றல்ல.

3. உள்ளாட்சி உரிமம். நாயை வைத்திருப்பவருக்கானது. சென்னையில் ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய்தான். இனமே தெரியாத தெருக்குட்டியை எடுத்து வளர்த்தாலும் இது வேண்டும். உரிமத்துக்கு அடிப்படை வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று. அப்பா யார், தாத்தா யார் என்று மாநகராட்சி கேட்பதில்லை.

நான்காவதாக, யாரும் காகிதமாகவே மதிக்காத தடுப்பூசிப் புத்தகம். மூன்றையும் விட்டுவிட்டு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. மருந்து பாட்டிலிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டு, அதில் தொகுப்பு எண், பக்கத்தில் தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண். இவை இல்லாமல் பேனாவால் “ஊசி போட்டாச்சு” என்று எழுதியிருந்தால், அந்தப் பக்கம் வெற்றுப் பக்கத்துக்குச் சமம்.

மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவுள்ள ஒரு கண்ணாடிக் குழாய். பிடரியில், தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். பேட்டரி கிடையாது, நாய் எங்கே இருக்கிறது என்று காட்டவும் செய்யாது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்தான் மேலே சொன்ன காகிதங்களையும் இந்த நாயையும் சேர்த்துக் கட்டும் கயிறு. சான்றிதழில் உள்ள எண்ணும் ஸ்கேனர் காட்டும் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், கையில் இருப்பது வேறு எதோ நாயின் பேப்பர்.

“பேப்பர் வேணாம்னா அஞ்சாயிரம் குறைச்சுக்கலாம் சார்” என்பது இந்த வியாபாரத்தில் அடிக்கடி காதில் விழும் வசனம். ஒரு குட்டியைப் பதிவு செய்யும் கட்டணம் ஐயாயிரத்தின் பக்கத்தில்கூட வராது. ஆகவே குறையும் தொகை காகிதத்தின் செலவு அல்ல. பெற்றோரில் ஒன்று பதிவாகாதது, ஆண்டுக்கு இரண்டாவது ஈத்து, வயது போதாத தாய் என ஏதோ ஒரு காரணத்தால் அந்தக் குட்டிக்குப் பேப்பர் வரவே வராது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள்.

ஒரு குட்டியை உருவாக்க என்ன ஆகும்?

ஒரு பெண் லேப்ரடாரை வைத்து, விதிகளை மதித்துக் குட்டி எடுக்கும் ஒருவரின் கணக்கைப் போடுவோம்.

1. தாயின் பராமரிப்பு. உணவு, ஊசி, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 5,000. ஆண்டுக்கு ஒரே ஈத்து என்பதால் 60,000 ரூபாயும் அந்த ஈத்தின் மேல் விழும்.

2. கிராஸ். இணைசேர்க்க நல்ல ஆண் நாய்க்குக் கட்டணம் கொடுக்க வேண்டும், அல்லது பிறக்கும் குட்டிகளில் ஒன்றை அதன் உரிமையாளர் தேர்ந்து எடுத்துக்கொள்வார். 15,000 என்று வைப்போம்.

3. சினைக்காலம். சுமார் 63 நாள். முதல் மாத முடிவில் ஸ்கேன், கடைசி வாரத்தில் குட்டிகளின் எண்ணிக்கை பார்க்க எக்ஸ்ரே, தாய்க்குக் கூடுதல் தீனி, பிரசவம். 10,000. சிசேரியன் ஆனால் இந்தச் செலவு இரண்டு மூன்று மடங்காகும்.

4. குட்டிகள். ஏழு பிறந்து ஆறு பிழைத்தன என்று கொள்வோம். மூன்றாவது வாரத்துக்கு மேல் கூழ் பழக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, ஆறாவது வாரத்தில் முதல் ஊசி, சிப், பதிவு. எட்டு வாரம் வரை குட்டிக்கு 4,000 வீதம் 24,000.

மொத்தம் 1,09,000. ஆறால் வகுத்தால் ஒரு குட்டிக்கு 18,000-க்குச் சற்று மேல். இதில் அவர் இரவு முழுக்க விழித்திருந்த கூலி இல்லை. அவர் லாபமும் இல்லை. அவற்றைச் சேர்த்தால் 25,000 என்பது அநியாய விலையாகத் தெரியாது. 60,000 கேட்டால் மட்டும் ஏன் என்று கேட்கலாம். “ஷோ குவாலிட்டி”, “ஹெவி போன்” (தடித்த எலும்பு), “இம்போர்ட் லைன்” (வெளிநாட்டு வம்சம்) என்று பதில் வரும். நாய்க் காட்சிக்குப் போகும் எண்ணம் இல்லாத வீட்டுக்கு இந்தச் சொற்களால் ஒரு பைசா பயனில்லை.

8,000 ரூபாய்க்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?

மேலே உள்ள ஒவ்வொரு வரியிலும் கை வைத்தால் கட்டுப்படியாகும்.

1. பெண் நாய் ஏறத்தாழ ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு பருவத்திலும் சேர்த்தால் ஆண்டுக்கு இரண்டு ஈத்து. பராமரிப்புச் செலவு அப்படியே பாதியாகும். தீனியையும் குறைத்து மாதம் 3,000-க்குள் முடித்தால், ஆறு மாதத்துக்கு 18,000 தான்.

2. வெளி ஆண் நாய் எதற்கு? அதே வீட்டில் வளர்ந்த அண்ணனையோ மகனையோ விட்டால் கிராஸ் செலவு பூஜ்யம்.

3. ஸ்கேனும் எக்ஸ்ரேவும் தேவையில்லை என்று விட்டால் 3,000.

4. குட்டிகளை 30, 35 நாளிலேயே அனுப்பிவிட்டால் தீனி தின்னத் தொடங்கும் காலமே விற்பவர் வீட்டில் வராது. ஊசியும் இல்லை, சிப்பும் இல்லை. குட்டிக்கு 500 ரூபாயோடு முடியும்.

கூட்டினால் 24,000. ஆறு குட்டிக்கு வகுத்தால் தலைக்கு 4,000. தரகருக்கு 5,000-க்குப் போய், அவரிடமிருந்து உங்களிடம் 8,000-க்கு வரும். எல்லோருக்கும் லாபம், உங்களைத் தவிர. முதல் வரியின் விலையைத் தாய் நாய் தன் உடம்பால் கட்டுகிறது. இரண்டாம் வரியின் விலை ஓராண்டு கழித்து, மூட்டு கோளாறாகவோ தோல் நோயாகவோ வந்து சேரலாம். நான்காம் வரியின் விலை ஒரு வாரத்துக்குள் வரும். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எட்டு வாரம் என்பது ஏன்?

“சின்னதா இருக்கும்போதே வாங்கினாத்தான் நம்மகிட்ட ஒட்டும்” என்பது பரவலான நம்பிக்கை. 35 நாள் குட்டி விற்பனையாவதற்கு இந்த நம்பிக்கைதான் முதலீடு. உண்மையில் தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருக்கும் அந்த வாரங்களில்தான் கடியின் வேகத்தைக் கட்டுப்படுத்தக் குட்டி கற்றுக்கொள்கிறது. கூடப் பிறந்ததைப் பலமாகக் கடித்தால் அது வீறிட்டுக் கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தும். இந்தப் பாடத்தைத் தாயிடம் படிக்காத குட்டி, உங்கள் வீட்டுக் குழந்தையின் கையில் படிக்கும்.

நோய் விஷயம் இதைவிடப் பெரியது. பிறந்த குட்டி தாயின் சீம்பாலில் இருந்து எதிர்ப்பு சக்தியைப் பெறுகிறது. ஒரு சிக்கல்: இந்தத் தாய்வழி எதிர்ப்பு, நோய்க்கிருமியைத் தடுப்பதுபோலவே தடுப்பூசியையும் வேலை செய்ய விடாமல் தடுக்கும். அது எந்த நாளில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒன்றுக்கு ஏழாவது வாரத்தில் தீரலாம், இன்னொன்றுக்குப் பதினான்காவது வாரம் வரை நீளலாம். எந்தக் குட்டிக்கு எப்போது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை கூட்டுத் தடுப்பூசியைத் திரும்பப் போடுகிறார்கள். மருத்துவர் காசு பார்ப்பதற்காக மூன்று முறை வரச் சொல்கிறார் என்று நினைப்பவர்கள் உண்டு. தாய்வழி எதிர்ப்பு கீழே இறங்கிய பிறகு ஒரு ஊசியாவது விழ வேண்டும், அதற்காகத்தான் மூன்று.

இந்த இடைவெளியில் நுழைவது பார்வோ. 1978-இல் உலகின் பல பகுதிகளில் ஒரே நேரத்தில் தலைகாட்டிய வைரஸ் அது. குடலின் உள்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். மண்ணிலும் தரை இடுக்கிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டில் துடைக்கும் சாதாரணக் கிருமிநாசினிகள் பல அதை ஒன்றும் செய்யாது, பிளீச்சிங் கரைசல் கொல்லும்.

நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை குட்டி வீட்டுக்கு வருகிறது. செவ்வாய் வரை துள்ளுகிறது. புதன் காலையில் பால் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. இடம் மாறின ஏக்கம் என்று வீட்டில் சொல்வார்கள். மாலையில் நுரை நுரையாக மஞ்சள் வாந்தி. இரவில் பேதி, அதில் ரத்தம். ஒருமுறை முகர்ந்தவர் மறக்க முடியாத, துருவும் அழுகலும் கலந்த நாற்றம். வியாழக்கிழமை கிளினிக் மேசையில், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத முன்னங்காலில் நரம்பு தேடிக்கொண்டிருப்பார் மருத்துவர். வைரஸை நேராகக் கொல்ல வழக்கமான மருந்து இல்லை. இழந்த நீரை டிரிப்ஸில் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, கூடவே நுழையும் பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து, குட்டியின் உடம்பே போராடி ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. நாளுக்கு 2,000, 3,000 என்று ஐந்து நாள் போனால் 8,000 ரூபாய்க் குட்டி 20,000 ஆகிவிட்டது. பிழைத்தால் அந்தக் கணக்கு.

ஞாயிறு வாங்கி புதன் நோய் கண்டது என்றால், பார்வோ உடம்பில் நுழைந்து அறிகுறி காட்ட மூன்று முதல் ஏழு நாள் வரை ஆகும் என்பதால், கிருமி விற்ற இடத்திலேயே தொற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம். “எங்ககிட்ட இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு” என்ற பதில் பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அது பதில் அல்ல. இப்படி ஒரு குட்டியை இழந்த வீட்டில், அடுத்த குட்டியை உடனே கொண்டுவந்து விடுவது இரண்டாவது தவறு. தரையில் வைரஸ் காத்திருக்கும்.

முதல் ஆண்டுக் கணக்கு

25,000 ரூபாய்க்கு முறையாக வாங்கிய லேப்ரடார் என்று வைத்துக்கொண்டு:

1. கூட்டுத் தடுப்பூசி மூன்று, வெறிநாய் ஊசி இரண்டு. தனியாரிடம் ஒரு முறைக்கு 1,000 வீதம் 5,000.
2. பூச்சி மருந்து 1,000.
3. உணவு, சராசரியாக மாதம் 4,000 வீதம் 48,000.
4. உண்ணி மருந்து 6,000.
5. கருத்தடை அறுவை 12,000.
6. கழுத்துப்பட்டை, சங்கிலி, கிண்ணம், படுக்கை, கடித்துக் குதறப்படும் முதல் இரண்டு ஜோடி செருப்பு எல்லாம் சேர்த்து 6,000.
7. எதிர்பாராத ஒரு மருத்துவச் செலவு 8,000.
8. உரிமம் 50.

மொத்தம் 86,050. விலையையும் சேர்த்தால் 1,11,050. இரண்டாம் ஆண்டிலிருந்து கருத்தடையும் ஆரம்பச் சாமான்களும் கழியும், தீனி கூடும், ஊருக்குப் போகும்போது விட்டுச்செல்லும் போர்டிங் செலவு சேரும். ஆண்டுக்கு 75,000 என்று கொண்டால், லேப்ரடாரின் ஆயுளான 10 முதல் 12 ஆண்டுகளில் எட்டரை லட்சத்தைத் தொடும். அதில் குட்டியின் விலை நூற்றுக்கு மூன்று. பேரம் பேசி இரண்டாயிரம் குறைத்த மகிழ்ச்சி இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

இதில் உணவுச் செலவைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாதாமாதம் உறைப்பது அதுதான். 30 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, சாதாரணமாக நடமாடும் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,440 கிலோகலோரி வேண்டும். மூட்டைத் தீனி 100 கிராமில் சுமார் 360 கிலோகலோரி இருக்கும். அதாவது நாளுக்கு 400 கிராம், மாதம் 12 கிலோ. கிலோ 250-க்கும் தீனி இருக்கிறது, 700-க்கும் இருக்கிறது. மாதம் 3,000 முதல் 8,400 வரை. பொட்டலத் தீனிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பது அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது.

வீட்டுச் சாப்பாடு மலிவு. கோழிக்கடையில் தலையும் காலும் வாங்கிவந்து, அரிசியோடு குக்கரில் வேகவைத்துப் போடும் வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். வளர்ந்த நாய் இதில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் வளரும் குட்டிக்கு எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் போட்டால் கால்சியம் போதாமல், உடம்பு எலும்பிலிருந்தே அதை உறிஞ்சத் தொடங்கும். கால் வளைந்து, பாதம் தட்டையாகி நடக்கும் பெரிய இனக் குட்டிகளைக் கிளினிக் வரிசையில் பார்க்கலாம். கால்சியம் டானிக்கை இஷ்டத்துக்கு ஊற்றினாலும் பெரிய இனங்களில் எலும்பு வளர்ச்சி கெடும். மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு வீட்டுச் சாப்பாடு போடலாம். வேகவைத்த எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை எந்த அளவிலும் வேண்டாம்.

நான்காம் வரியான உண்ணி மருந்தை “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று தள்ளுபவர்கள் அதிகம். குளிர்நாட்டில் உண்ணிக்குப் பருவம் உண்டு. சென்னையில் ஆண்டு முழுக்க அதற்குப் பருவம்தான். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம், மீதி சுவர் விரிசலிலும் கதவுச் சட்டத்தின் இடுக்கிலும் இருக்கும். வயிறு நிறைந்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது பரப்பும் எர்லிகியா, பபீசியா கிருமிகளால் வருவதைத்தான் பொதுவாக உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். ரத்தத்தட்டுகள் குறையும், ஈறு வெளுக்கும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனை, எர்லிகியாவுக்கு நான்கு வாரம் மாத்திரை, முற்றினால் ரத்தம் ஏற்றுதல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,500 ரூபாய் மாத்திரையை மிச்சம் பிடித்த வீட்டில், ஒரே காய்ச்சலில் நான்கைந்து மடங்கு போய்விடும்.

கையில் காசு இல்லாதபோது வழியே இல்லை என்று பொருளில்லை. வேப்பேரியில் உள்ள, 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் தனியாரைவிட மிகக் குறைந்த செலவில் நிபுணர்கள் பார்ப்பார்கள். விலை, காத்திருக்கும் நேரத்தில் இருக்கிறது. காலையிலேயே போய்விட வேண்டும். விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6-ஐ ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச வெறிநாய்த் தடுப்பூசி முகாம்களும் நடக்கும்.

இனத்துக்கு இனம் எங்கே செலவு ஒளிந்திருக்கிறது?

லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் தலை கிண்ணத்தில் சரியாக உட்காராத வளர்ச்சிக் குறை. பரம்பரையாக வரும், எடை கூடினால் மோசமாகும். பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேவைக் காட்டும் ப்ரீடர் நம் ஊரில் அரிது. காட்டினால் கூடுதலாக ஐயாயிரம் கொடுத்தாலும் தகும்.

பக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு மூச்சு. நாய் வியர்த்துக் குளிர்வதில்லை, இரைத்துத்தான் குளிர்கிறது. அந்த வழியே குறுகலாக இருந்தால் மே மாத மதியம் ஒரு தெரு நடையே உயிருக்கு ஆபத்து. ஷிட்சு விற்பவர்கள் “பஞ்ச் ஃபேஸ்” (குத்தி அமுக்கியதுபோன்ற தட்டை முகம்) என்று பெருமையாகச் சொல்லி அதிக விலை கேட்பது இந்தக் குறையைத்தான்.

ஹஸ்கிக்கு மின்கட்டணம். கோடையில் ஏ.சி. நாளுக்கு எட்டு யூனிட் கூடுதலாக இழுத்தால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ் அடுக்குகளின் விலையும் மாறிவிடும். ஹஸ்கி வாங்குபவரிடம் யாரும் மின் அட்டையைக் கேட்பதில்லை.

நம் ஊர் இனங்களுக்கு வருவோம். 2005-இல் அஞ்சல்துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னார். அதன் பிறகு இவற்றைத் தேடுபவர்கள் கூடினார்கள், விலையும் கூடியது. வெயில் இவற்றுக்குப் பிரச்சினையில்லை, முடிவெட்டும் செலவில்லை. ஆனால் “நாட்டு நாய், செலவே இல்லை” என்பது பாதி உண்மை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டி ஓடப் பிறந்த உடம்பு. வேட்டையை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறுத்தியது, ஓட்டத்தை நிறுத்தவில்லை. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் கட்டிப்போட்டால் சோபா பஞ்சாகும், பக்கத்து வீட்டுப் பூனை போகும்.

ராஜபாளையத்தில் இன்னொரு செய்தி. பால்வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அதன் அழகு. நிறமி இல்லாமல் போகும் அதே காரணத்தால் காதின் உட்பகுதியும் பாதிக்கப்பட்டு, சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும். நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்ப்பதால் இது கூடியது. கைதட்டிப் பார்த்தேன், திரும்பியது என்பார்கள். கூட்டத்தில் கேட்கும் குட்டி திரும்பினால் கேட்காத குட்டியும் பார்த்துத் திரும்பும். தட்டைக் கீழே போட்டால் தரை அதிர்வு சொல்லிவிடும். குட்டியைத் தனியாக எடுத்துவந்து, அது வேறெங்கோ பார்க்கும்போது, முதுகுக்குப் பின்னால் எட்ட நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள்.

சட்டமும் ஒரு செலவு

2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை, பிட்புல், ராட்வைலர் உட்பட 23 இனங்களுக்கு உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காமல் வெளியிட்டதாகச் சொல்லி, கர்நாடக உயர்நீதிமன்றமும் டெல்லி உயர்நீதிமன்றமும் ஏப்ரலில் அதை ரத்து செய்தன. மே முதல் வாரத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியதும் பேச்சு மறுபடி தொடங்கியது. பலமான காவல் இனம் வாங்குபவர்கள் பன்னிரண்டு ஆண்டுக்கு வாங்குகிறார்கள். விதியோ பன்னிரண்டு மாதம்கூட அப்படியே இருப்பதில்லை. முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் உள்ளாட்சி அந்த இனத்துக்கு இன்றைக்குப் புதிய உரிமம் தருகிறதா என்று விசாரித்துவிடுங்கள். குடியிருப்புச் சங்கம் என்ன சொன்னாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், உரிமமே இல்லாமல் சமாளிக்க முடியாது.

பார்க்கப் போகும்போது

1. வீடியோவில் பார்த்து முன்பணம் அனுப்ப வேண்டாம். “குட்டி பெங்களூர்ல இருக்கு, ரயில்ல அனுப்பிடுறேன், வண்டிச் செலவு மட்டும் ஜி-பே பண்ணுங்க” என்று தொடங்குவதில் குட்டியே இல்லாமல் போவதும் உண்டு.

2. சிப் படிக்கும் ஸ்கேனரை விற்பவரையே எடுத்துவரச் சொல்லுங்கள், அல்லது மருத்துவரிடம் போய்ச் சிப் எண்ணைச் சரிபார்த்த பிறகு மீதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

3. குட்டியின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, பின்பக்கம் ஈரமின்றி இருக்கிறதா, கொஞ்சம் எட்டி ஓடிவிட்டு வரும்போது நொண்டுகிறதா என்று பாருங்கள். வயிறு மட்டும் பந்துபோல உப்பியிருந்தால் அது கொழுகொழு அல்ல, பெரும்பாலும் பூச்சி.

4. தாயைக் காட்டச் சொல்லுங்கள். தந்தை வேறு ஊரில் இருக்கலாம், தாய் இருக்க முடியாது. எட்டு வாரக் குட்டியின் தாய்க்கு மடி இன்னும் முழுக்க வற்றியிருக்காது. கொஞ்சம் இளைத்து, முடி உதிர்ந்து இருந்தால் அது இயல்பு. குட்டியிடம் அது எப்படி நடந்துகொள்கிறது, வந்தவர்களைப் பார்த்து எப்படிக் குரைக்கிறது என்பதை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். “தாய் தோட்டத்துல இருக்கு சார், இங்க கொண்டாரதில்ல” என்றால், தோட்டம் எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள், வண்டியை எடுங்கள்.